ஜெர்மானிஸ்டிக் என்றொரு படிப்பு

பிளஸ் டூ முடித்த பெண், "நான் பி.ஏ. ஜெர்மன் சேரப் போறேன்" என்றால் நம் வீடுகளில் முதலில் எழும் கேள்வி, "அதுக்கு எதுக்கு மூணு வருஷம்? மாக்ஸ் முல்லர் பவன்ல சேர்ந்தா போதாதா?" என்பதுதான். கேள்வியில் நியாயம் இருக்கிறது. பேசவும் எழுதவும் மட்டும் வேண்டுமென்றால், ஏ1 நிலையில் தொடங்கிப் படிப்படியாகத் தேர்வு எழுதும் அந்த வகுப்பே போதும். பல்கலைக்கழகப் படிப்பு வேறு விஷயம். ஜெர்மானியர் அதை ஜெர்மானிஸ்டிக் என்கிறார்கள். தமிழ் எம்.ஏ. படித்தவர்களுக்கு உடனே புரியும்: மொழியியல், பழைய இலக்கியம், பிற்கால இலக்கியம் என அவர்களும் பிரித்தே படிக்கிறார்கள்.

மொழியியலின் ருசி பெங்களூர்வாசிகளுக்குப் பழக்கமானதே. நம் பால் அங்கே ஹாலு; பத்து, ஹத்து; பல், ஹல்லு. சொல் முதலில் வரும் பகரம் ஹகரமாகிறது. ஒரு சொல்லில் தற்செயலாக நடந்ததல்ல, வரிசையாக நடந்தது. இப்படிப்பட்ட ஒழுங்கைத்தான் யாகோப் கிரிம் 1822-இல் விளக்கினார். லத்தீன் பாட்டர் ஆங்கிலத்தில் ஃபாதர்; பிஸ்கிஸ், ஃபிஷ். பின்னர் ஜெர்மன் மட்டும் தனியே இன்னொரு முறை மாறியது: ஆங்கில வாட்டர் அங்கே வாஸர், ஷிப் அங்கே ஷிஃப். (டென்மார்க்கின் ராஸ்க் 1818-லேயே இதில் பெரும்பகுதியைச் சொல்லிவிட்டார். விதிக்குப் பெயர் என்னவோ கிரிமுடையது!) தம்பி வில்ஹெல்முடன் சேர்ந்து 1812-இல் தேவதைக் கதைகளை வெளியிட்டவரும் இதே கிரிம்தான்.

பழைய இலக்கியத்தில் மாணவர் திணறுவது தெரிந்த சொற்களில்தான். நிபெலுங்கென் காவியம் ஏறத்தாழ 1200-இல் எழுந்தது. இன்று எந்தப் பெண்ணையும் குறிக்கும் 'ஃப்ராவ்' அன்று உயர்குடிப் பெண்மணி. சாதாரணமாகப் பெண் என்று பொருள்பட்ட 'வைப்' இன்று வசைபோல ஒலிக்கிறது. நறுமணமாக இருந்த நம் நாற்றத்தின் கதை! வேலை என்று இன்று பொருள்படும் 'அர்பைட்' அன்று துன்பம். நம் 'பாடு' என்ற சொல்லில் இரண்டும் சேர்ந்தே கிடக்கின்றன.

இவ்வளவும் சுவையான பகுதி. இன்னொரு பகுதி உண்டு. மொழிப்பற்று மிக்க நமக்கு அது சற்றுச் சங்கடமாகவே இருக்கும். 1933 மே 10 அன்று பெர்லினிலும் வேறு பல பல்கலைக்கழக ஊர்களிலும் மாணவர்கள், "ஜெர்மன் உணர்வுக்கு எதிரானவை" என்று புத்தகங்களைத் தீயிலிட்டார்கள். பெர்லினில் அன்றிரவு பேசிய கோயபல்ஸ், ஹைடல்பெர்க் பல்கலைக்கழகத்தில் ஜெர்மன் இலக்கியத்தில் டாக்டர் பட்டம் வாங்கியவர். கூட்டத்தில் நின்று தன் நூல்கள் எரிவதைப் பார்த்துக்கொண்டிருந்த எரிக் கெஸ்ட்னரும் அதே துறையில் 1925-இல் லைப்சிக்கில் டாக்டர் பட்டம் பெற்றவர். குழந்தைகளுக்கு 'எமிலும் துப்பறிவோரும்' எழுதியவர் அவர். பான் நகரில் தீயின் முன் உரையாற்றியவர்களில் பழைய இலக்கியப் பேராசிரியர் ஹான்ஸ் நௌமனும் ஒருவர். போருக்குப் பின் துறை வெகுகாலம் இதைப் பற்றி வாய் திறக்கவில்லை. 1966-இல் மியூனிக்கில் நடந்த ஜெர்மானிஸ்டிக் மாநாட்டில்தான் அது வெளிப்படையாகப் பேசப்பட்டது. இன்று இந்தத் துறையைப் படிப்பவர் அதன் பழைய குற்றத்தையும் படிக்கிறார். இந்தப் படிப்பின் மிகப் பெறுமதியான பகுதி இதுவே என்பது என் எண்ணம்.

இந்தியாவில் டெல்லி ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழகம், ஐதராபாத்தின் ஆங்கிலம் மற்றும் அயல்மொழிகள் பல்கலைக்கழகம் போன்ற இடங்களில் இதைப் படிக்கலாம். நேரு பல்கலைக்கழக இளநிலைச் சேர்க்கை 2022 முதல் சி.யு.இ.டி. நுழைவுத் தேர்வு வழியாக நடக்கிறது. ஒரு சொல்கூடத் தெரியாதவரும் சேரலாம். அதனால் தொடக்கத்தில் பெரும்பாலும் மொழிப் பயிற்சிதான். இலக்கியமும் வரலாறும் பிறகே கனக்கும். "முதல் வருஷம் முழுக்க இலக்கணம்தானா?" என்று பிள்ளை சலித்துக்கொண்டால் அவசரப்பட்டு நிறுத்திவிடாதீர்கள். மொழிபெயர்ப்பு, ஆசிரியப் பணி, ஜெர்மன் நிறுவனங்களில் வேலை என வழிகள் உண்டு. சம்பளத்தை மட்டுமே பார்ப்பவர்கள், வேறு பட்டத்தோடு மாலை வகுப்பில் மொழியைக் கற்றுக்கொள்வதே நல்லது. கதையும் சொல்லும் பிடித்த பிள்ளையாக இருந்தால், சேர்வதற்கு முன் பாடத்திட்டத்தை வாங்கி, இரண்டாம் மூன்றாம் ஆண்டுப் பாடங்களை அவர்களோடு உட்கார்ந்து ஒருமுறை படித்துப் பாருங்கள்.