வீட்டுக்குள் மின்சாரம் – 9: பழி இஸ்திரிப் பெட்டி மேல், பழுது வாசல் விளக்கில்

எர்த் கம்பியின் வேலை என்ன என்று சென்ற வாரம் பார்த்தோம். இந்த வாரம், அதோடு ஒட்டிய ஒரு புகார்: “வீட்டில் அடிக்கடி டிரிப் ஆகிறது.” இதற்காக எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டால் பல வீடுகளில் இரண்டில் ஒன்று நடக்கிறது. 16 ஆம்பியர் எம்.சி.பி.யைக் கழற்றிவிட்டு 32 ஆம்பியர் போடுகிறார்கள், இல்லையென்றால் ஆர்.சி.சி.பி.யைத் தாண்டி ஒயரை நேராகக் கொடுத்துவிடுகிறார்கள். அன்று இரவு ஃபேன் நிற்காமல் ஓடும், வீட்டாருக்கும் நிம்மதி. ஆனால் டிரிப் நின்றுவிட்டதே தவிர, பழுது அப்படியே இருக்கிறது. அதைக் காட்டிக்கொடுத்த ஒரே கருவியும் இப்போது வாயடைத்துப் போயிருக்கிறது. விழுந்தது எந்தக் கருவி, எந்த நேரத்தில் விழுந்தது என்ற இரண்டு கேள்விகளைப் பொறுமையாகக் கேட்டால், ஒரு ஸ்குரூவைக்கூடத் திருகாமலே பழுது இருக்கும் திசை பெரும்பாலும் தெரிந்துவிடும்.

முதலில் எம்.சி.பி. டிபி பாக்ஸில் வரிசையாக நிற்கும் ஒல்லியான சுவிட்சுகள் இவை. ஜெர்மனியின் மான்ஹைம் நகரில் ஹ்யூகோ ஸ்டாட்ஸின் நிறுவனம் 1924-ல் காப்புரிமை பெற்ற வடிவத்திலிருந்து வந்தவை. உள்ளே இரண்டு காவல்கள் உண்டு. ஒன்று, சூடானால் வளையும் இரட்டை உலோகப் பட்டை. மற்றொன்று, மின்சாரம் திடீரென்று பாய்ந்தால் கண நேரத்தில் இழுக்கும் காந்தச் சுருள். ஆகவே விழ எடுத்துக்கொண்ட நேரமே ஒரு தகவல். சுவிட்சைப் போட்டதும் பட்டென்று விழுந்தால் ஷார்ட் சர்க்யூட்; மிக்ஸி ஒயர் நசுங்கியிருக்கலாம், பிளக்கின் உள்ளே இரண்டு கம்பிகள் ஒட்டியிருக்கலாம். பத்து இருபது நிமிடம் கழித்து விழுந்தால் ஓவர்லோடு. 2000 வாட் ஹீட்டர் ஏறத்தாழ 9 ஆம்பியர் இழுக்கும். 2000 வாட் இண்டக்‌ஷன் அடுப்பும் அவ்வளவே. இரண்டும் ஒரே லைனில் இருந்து, மேலே இஸ்திரிப் பெட்டியும் சேர்ந்தால் 22 ஆம்பியர். தர விதிப்படி 16 ஆம்பியர் எம்.சி.பி. 18 ஆம்பியரை ஒரு மணி நேரம் தாங்க வேண்டும், 23 ஆம்பியரில் ஒரு மணி நேரத்துக்குள் விழுந்தாக வேண்டும். மூன்றாவதாக ஒன்று உண்டு, இதைப் பலர் கவனிப்பதில்லை: லோடு குறைவாக இருந்தும் விழுகிறது, எம்.சி.பி.யின் முகம் தொட்டால் சுடுகிறது. அங்கே ஒயரைப் பிடிக்கும் ஸ்குரூ தளர்ந்திருக்கும். அந்த இடத்தில் பிறக்கும் சூடுதான் உள்ளே இருக்கும் பட்டையை வளைக்கிறது.

“32 போட்டால்தான் என்ன?” என்று கேட்கலாம். எம்.சி.பி. ஹீட்டரையோ அடுப்பையோ காப்பதற்காக வைத்ததில்லை. சுவருக்குள் ஓடும் ஒயரைக் காப்பதற்கு வைத்தது. பிளக் பாயிண்ட்டுக்கு வழக்கமாக இழுக்கப்படும் 2.5 சதுர மில்லிமீட்டர் ஒயர், பைப்புக்குள் இருபது ஆம்பியரைச் சற்றுத் தாண்டும் அளவுக்குத்தான் தாங்கும். 32 ஆம்பியர் எம்.சி.பி.யோ 36 ஆம்பியர் ஓடினாலும் ஒரு மணி நேரம் அசையாமல் நிற்கலாம். அந்த ஒரு மணி நேரமும் ஒயரின் பி.வி.சி. உறை வெந்துகொண்டிருக்கும். ஹீட்டருக்குத் தனி லைன் இழுக்கச் செலவாகும் என்பது உண்மைதான். ஆனால் அதற்கு மாற்றுவழி கிடையாது.

இனி ஆர்.சி.சி.பி. ‘T’ என்ற டெஸ்ட் பட்டனோடு அகலமாக இருப்பது, பலரும் ஈ.எல்.சி.பி. என்றே சொல்கிறார்கள். ஃபேஸில் போன மின்சாரம் அத்தனையும் நியூட்ரலில் திரும்பி வந்ததா என்பது மட்டுமே இதன் கணக்கு. 30 மில்லி ஆம்பியர் குறைந்தால் 0.3 நொடிக்குள் விழ வேண்டும். 9 வாட் எல்.இ.டி. பல்பு இழுப்பதைவிட இது குறைவு என்பதால் எம்.சி.பி.க்கு இந்தக் கசிவு தெரியவே தெரியாது. உடம்புக்கோ நன்றாகத் தெரியும். கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் சார்லஸ் டால்ஸீல் தன்னார்வலர்களை வைத்துச் சோதித்தபோது, பிடித்த கம்பியை விட முடியாமல் கை இறுகும் அளவு ஆண்களுக்குச் சராசரியாக 16 மில்லி ஆம்பியர், பெண்களுக்கு 10.5 என்று கண்டார். “எம்.சி.பி. இருக்கிறதே, இது எதற்கு?” என்பவர்களுக்கு இந்த எண்களே பதில். இங்கேயும் நேரம் பேசும். மழை நாளில் மட்டும் விழுந்தால் வெளிச்சுவர் விளக்கு, மொட்டைமாடி ஒயர், மோட்டார். ஹீட்டர் போட்ட பிறகு விழுந்தால் அதன் காயில். நள்ளிரவில், யாரும் எதையும் தொடாதபோது விழுந்தால் ஃபிரிட்ஜைச் சந்தேகப்படலாம்: ஃபிராஸ்ட் ஃப்ரீ ஃபிரிட்ஜுக்குள் பனியை உருக்கும் சின்ன ஹீட்டர் ஒன்று சில மணி நேரத்துக்கு ஒருமுறை தானாகவே ஓடும். அது கசிந்தால் மற்ற நேரமெல்லாம் ஃபிரிட்ஜ் நல்ல பிள்ளையாகவே இருக்கும்.

மிகவும் ஏமாற்றுவது நியூட்ரலும் எர்த்தும் ஒட்டிக்கொள்ளும் பழுது. நம் வீடுகளில் சுவிட்சும் சரி, ஒற்றை எம்.சி.பி.யும் சரி, ஃபேஸை மட்டுமே துண்டிக்கின்றன. நியூட்ரல் எப்போதும் இணைந்தே இருக்கிறது. வாசல் விளக்கின் ஹோல்டருக்குப் பின்னால் நியூட்ரல் கம்பியின் உறை கிழிந்து எர்த்தைத் தொடுகிறது என்று வையுங்கள். விளக்கு அணைந்திருந்தாலும் அந்தத் தொடர்பு போகாது. உள்ளறையில் இஸ்திரிப் பெட்டியைப் போடுகிறார்கள். திரும்பி வரும் நாலு ஆம்பியரில் ஒரு சிறு பங்கு அந்தக் கிழிசல் வழியே எர்த்துக்குப் பிரிகிறது, ஆர்.சி.சி.பி. விழுகிறது. இஸ்திரிப் பெட்டியைக் கடைக்குக் கொடுத்து, புதிதே வாங்கினாலும் விழும். எம்.சி.பி.களை ஒவ்வொன்றாக இறக்கிப் பார்க்கும் வழக்கமான சோதனையும் இங்கே தோற்றுப்போகும். மெயினை அணைத்து, நியூட்ரல் பாரிலிருந்து கம்பிகளை ஒவ்வொன்றாகக் கழற்றி, மெக்கர் வைத்து எர்த்தோடு அளந்தால்தான் பிடிபடும். அது பயிற்சி பெற்ற எலக்ட்ரீஷியனின் வேலை; வீட்டார் டிபி பாக்ஸைத் திறக்கவே கூடாது. இன்வெர்ட்டர் வைத்த நாளிலிருந்துதான் டிரிப் ஆகிறது என்றால், அதன் நியூட்ரல் வேறு லைன் நியூட்ரலோடு கலந்திருக்கிறதா என்பதையே முதலில் பார்க்கச் சொல்லுங்கள்.

“கருவியே கெட்டிருந்தால்?” நியாயமான கேள்வி, கெடுவதுண்டு. வெளியே போகும் ஃபேஸ், நியூட்ரல் இரண்டையும் கழற்றிய பிறகும் நிற்காமல் விழுந்தால் கருவிதான் பழுது. நின்றாலும் அது நல்லது என்று தீர்ப்பு சொல்லிவிட முடியாது. எத்தனை மில்லி ஆம்பியரில் விழுகிறது என்று அளக்கும் மீட்டர் உண்டு, அதைக் கொண்டு பார்க்க வேண்டும். 15-க்குக் கீழே விழுந்தால் மாற்றலாம். இன்னொரு வாதம் வலுவானது: பழுதே இல்லாத வீட்டிலும் கம்ப்யூட்டர், வாஷிங் மெஷின், டிவி ஆகியவற்றின் ஃபில்டர்கள் ஆளுக்குக் கொஞ்சம் எர்த்துக்கு அனுப்பிக்கொண்டே இருக்கும். எல்லாம் சேர்ந்தால் ஒரே ஆர்.சி.சி.பி. எல்லையை நெருங்கிவிடும்; லேசான கசிவுக்கே வீடு முழுக்க இருளும், ஃபிரிட்ஜில் வைத்த மாவு புளித்துப்போகும். இந்தத் தொல்லையால்தான் பலர் கருவியைத் தாண்டி ஒயர் கொடுக்கச் சொல்கிறார்கள். அந்த வேலைக்கு வரும் அதே எலக்ட்ரீஷியனிடம், ஃபிரிட்ஜுக்கும் ஹீட்டருக்கும் வெளி விளக்குகளுக்கும் தனித்தனியாக ஆர்.சி.பி.ஓ. வைக்கச் சொல்லலாம். எம்.சி.பி., ஆர்.சி.சி.பி. இரண்டின் வேலையையும் அது ஒன்றே செய்யும், விழும்போது தன் லைனை மட்டும் அணைக்கும்.

(தொடரும்)