அவை காணாப் படைப்புகள்: சிறு முதலீட்டுத் திரைப்படங்களும் மதுரை வட்டாரமும்

நூலொன்று இயற்றப்பட்ட அளவில் நிறைவெய்துவதில்லை. அறிந்தோர் அவையில் அரங்கேறிய பின்னரே நிறைவெய்தும் என்பது தமிழ் மரபு. திரைப்படத்திற்கு அவையாவது திரையரங்கு. சிறு முதலீட்டுப் படங்களுக்கு அவ்வவை எளிதில் வாய்ப்பதில்லை. அதன் காரணத்தை மதுரை வட்டாரத்தை நிலைக்களமாகக் கொண்டு ஈண்டு ஆராய்வோம்.

பி. எஸ். வினோத்ராஜ் இயக்கிய 'கூழாங்கல்' மேலூரை அடுத்த அரிட்டாபட்டிப் பகுதியில் எடுக்கப்பட்டது. 2021இல் ராட்டர்டாம் திரைப்பட விழாவில் புலி விருது பெற்றது. அவ்வாண்டே ஆஸ்கார் போட்டிக்கு இந்தியாவின் சார்பில் தேர்ந்தெடுக்கப்பட்டது. எனினும், 2023 அக்டோபரில் இணையத் திரைத்தளத்தின் வழியாகவே வெளியாயிற்று. எந்நிலத்தின் வெயிலும் பேச்சும் அதற்கு உயிராயினவோ, அந்நிலத்தார் அதனைத் தம் ஊர்த் திரையரங்கு வெளியீடாகக் காணும் பேறு பெற்றிலர்.

இவ்விடர்ப்பாடு புதியதன்று. ஜெயகாந்தனின் 'உன்னைப்போல் ஒருவன்' (1965) தேசிய விருது பெற்றும் வணிக வழியிற் பரவவில்லை. ஆயினும், இன்றைய முறை இடர்ப்பாட்டை மிகுத்துள்ளது. முன்னர்ப் படப்பெட்டி நகரத்தினின்று சிற்றூர்க் கொட்டகைக்கு மெல்ல மெல்லச் சென்றது. இன்றோ ஒரே நாளில் எல்லா ஊர்களிலும் படம் வெளியாகின்றது. முதல் மூன்று நாள் வசூலே அதன் வாழ்நாளை வரையறுக்கின்றது. சிறுபடம் கண்டார் வாய்ச்சொல்லால் வளர்வது. அச்சொல் பரவுமுன் காட்சிகள் பெரும்படத்திற்கு மாற்றப்படுகின்றன.

'மக்கள் விரும்பார், ஆதலின் அரங்கினர் திரையிடார்' என்பர் ஒரு சாரார். மின்கட்டணமும் ஊதியமும் செலுத்தவேண்டிய அரங்கினரின் நிலை இரங்கத்தக்கதே. ஆயினும், காட்டாத ஒன்றை மக்கள் விரும்பார் எனல் எங்ஙனம் பொருந்தும்? வினோத்ராஜின் அடுத்த படமாகிய 'கொட்டுக்காளி' 2024 ஆகஸ்டு 23இல் திரையரங்குகளில் வெளியாயிற்று. அதே நாளில் 'வாழை'யும் வெளியாயிற்று. பின்னணி இசையற்ற 'கொட்டுக்காளி'யைத் திரையரங்கிற்குக் கொணர்ந்ததே தகாது என்னும் கருத்துத் திரைத்துறையினுள்ளேயே எழுந்தமை கருதத்தக்கது.

இணையத்தளம் உண்டே எனின், அது தனித்தனியே காணும் வாயிலேயன்றி அவையாகாது. உரிமைக்காலம் முடியின் படம் ஆண்டிருந்து மறைதலுங் கூடும்.

கேரளத்தில் அரசுத் திரைப்பட வளர்ச்சிக் கழகமே திருவனந்தபுரத்தில் கைரளி, ஸ்ரீ, நிளா ஆகிய அரங்குகளை நடத்துகின்றது. அத்தகைய அரங்கொன்று மதுரைக்கும் வேண்டற்பாலது. அஃது அமையுங்காறும், தமிழ்த்துறைகள் முறையாக உரிமை பெற்று இப்படங்களைத் தம் மன்றங்களில் திரையிட்டு ஆராய்தல் வேண்டும். வட்டார வழக்கை ஏட்டிலும் ஊரிலும் தேடித் தொகுப்போர், அது திரையில் ஒலிக்குங்கால் செவிமடாதிருத்தல் முறையன்று.