தேயிலைக் காட்டில் கம்ப்யூட்டர் பூனை

1956 மாநிலச் சீரமைப்பில் பீர்மேடு கேரளத்தோடு போனது. தோட்டத்து லயங்களில் தமிழ் தங்கிவிட்டது. கொழுந்து பறிப்பவர்களின் பிள்ளைகள் தமிழ்வழியில் படிக்கலாம். கம்ப்யூட்டர் பாடநூலைக்கூட கேரள அரசு தமிழில் அச்சிடுகிறது. திரையில் ஸ்க்ராட்ச் பூனையை ஓடவிட்டே புரோகிராமிங் பழகலாம். உயர்நிலைப் பள்ளிகளில் 2018இல் தொடங்கிய 'லிட்டில் கைட்ஸ்' மன்றங்களில் அனிமேஷன், எலெக்ட்ரானிக்ஸ் எல்லாம் உண்டு. மொழிப் பயிற்சி மட்டும் மலையாளக் கம்ப்யூட்டிங்.

தமிழுக்கு? பொழுதுபோக்குதான் கைகொடுக்க வேண்டும். அதை லேசாக எண்ண வேண்டாம். சுவிட்சர்லாந்தில் வேதியியல் ஆராய்ச்சியாளராக இருந்த கு. கல்யாணசுந்தரம் 'மயிலை' எழுத்துருவை உருவாக்கியது ஓய்வு நேரத்தில்தான். அவரிடம் கம்ப்யூட்டர் இருந்தது. லயத்துப் பிள்ளைகள் பலருக்கு, மாலை மணி அடித்ததும் பள்ளியோடு கம்ப்யூட்டரும் முடிந்தது.