கல்லுக்கு வணக்கம் சொன்னவர்!

ஒரு பாறாங்கல்லைப் பார்த்து, "அண்ணா, வணக்கம்!" என்று யாராவது கும்பிடுவார்களா? சீனாவில் மி ஃபூ என்ற ஓவியர் கும்பிட்டாராம். அதுவும், அதிகாரிகளுக்கான அங்கியை மாட்டிக்கொண்டு! 900 ஆண்டுகளுக்கும் முந்தைய கதை இது.

சிரிக்காதீங்க குட்டீஸ்! பூங்கா என்றதும் உங்களுக்குப் பூச்செடியும் ஊஞ்சலும்தானே ஞாபகம் வரும்? சீனாவின் பழைய தோட்டங்களில் கல்தான் கதாநாயகன். மலை, ஓடை, காடு எல்லாவற்றையும் மதில் சுவருக்குள் கொண்டுவந்துவிட வேண்டும் என்பது அவர்கள் ஆசை. மலையைத் தூக்கிவர முடியுமா? அதற்குப் பதிலாகத்தான் கல்.

எந்தக் கல்லும் ஆகாது. சூஜோ நகரத்துக்குப் பக்கத்தில் தாய்ஹூ என்ற பெரிய ஏரி இருக்கிறது. அங்குள்ள சுண்ணாம்புப் பாறைகளைத் தண்ணீர் நெடுங்காலமாக அரித்து, ஓட்டை ஓட்டையாக்கி வைத்திருக்கிறது. கல் ஒல்லியாக இருக்க வேண்டும், சுருக்கம் விழுந்திருக்க வேண்டும், நிறையத் துளைகள் இருக்க வேண்டும். அதுதான் அழகு! உளியால் துளை போட்டு, ஏரியில் பல வருடம் ஊறவைத்து, இயற்கைக் கல் போல ஆக்கிய கில்லாடிகளும் உண்டு.

இந்தக் கல் ஆசை ஒரு பேரரசரையும் பிடித்துக்கொண்டது. அவர் பெயர் ஹுய்சோங். 1100-ல் பட்டத்துக்கு வந்தவர். அருமையான ஓவியர். தலைநகர் கைஃபெங்கில் கென்யுவே என்ற செயற்கை மலைத் தோட்டத்தை 1117-ல் தொடங்கி, 1122-ல் முடித்தார்.

அதற்குக் கல் சேர்த்த விதம்தான் கொடுமை! ஜூ மியான் என்பவரிடம் அந்த வேலை கொடுக்கப்பட்டது. யார் வீட்டிலாவது நல்ல கல்லோ மரமோ இருந்தால், அவருடைய ஆட்கள் நுழைந்து மஞ்சள் முத்திரை ஒட்டிவிடுவார்கள். அவ்வளவுதான், அது அரசருக்குச் சொந்தம்! வெளியே எடுக்க வழியில்லையா? வீட்டுச் சுவரை இடி. தானியம் ஏற்றும் படகுகளையும் கல் சுமக்கப் பிடுங்கிக்கொண்டார்கள். 40 அடி உயரம் என்று சொல்லப்படும் ஒரு கல்லை ஆயிரக்கணக்கானவர்கள் இழுத்து வந்தார்கள். அது போவதற்காக வழியிலிருந்த பாலங்களையும், மதகுகளையும், ஊர் மதில்களையும் உடைத்தார்கள்.

மக்கள் கொதித்துப் போனார்கள். 1120-ல் பெரிய கலகமே வெடித்தது. 1126-ல் வடக்கேயிருந்து வந்த ஜின் படை கைஃபெங்கை முற்றுகையிட்டது. அப்போது என்ன ஆயிற்று தெரியுமா? அரசர் ஆசை ஆசையாய்ச் சேர்த்த கற்களை உடைத்து, எதிரிகள் மேல் வீசினார்கள். தோட்டத்து மான்கள் வீரர்களுக்கு உணவாயின. மரங்கள் விறகாயின. நகரம் விழுந்தது. 1127-ல் சிறைபிடித்துக் கொண்டுபோகப்பட்ட ஹுய்சோங் திரும்பவே இல்லை.

பிற்காலத்துத் தோட்டங்கள் சில இன்றும் இருக்கின்றன. சூஜோவில் 1342-ல் உருவான சிங்கத் தோப்புக்குப் போனால், கல் குகைகளுக்குள் நுழைந்து வழி தெரியாமல் சுற்றலாம். பாறைகளில் சிங்க உருவங்களைத் தேடுவது இன்னொரு விளையாட்டு.

ஷாங்காயின் யூ தோட்டத்தில் மூன்று மீட்டருக்கும் அதிக உயரமுள்ள ஒரு கல் நிற்கிறது. ஹுய்சோங்குக்குப் போக வேண்டிய கல்லாம். எப்படியோ தப்பிவிட்டது என்கிறார்கள். அதன் அடியில் ஊதுபத்தி ஏற்றினால் எல்லாத் துளைகளிலும் புகை வருமாம். உச்சியில் தண்ணீர் ஊற்றினால் துளைக்குத் துளை வழியுமாம்!