"விடாதே" எப்படி "விடு" ஆச்சு?

ஆபீஸ் விபிஎன்ல பாஸ்வேர்டு தப்பா அடிச்சா உள்ளே விடாது இல்லையா? பல இடங்கள்ல அந்த முடிவை எடுக்கிறது விபிஎன் பெட்டி இல்லை, பின்னாடி இருக்கிற ரேடியஸ் சர்வர். பெட்டி கேட்கும், சர்வர் "விடு" அல்லது "விடாதே"ன்னு பதில் அனுப்பும். இன்னைக்கு அந்தப் பதிலோட கதைதான்.

ரேடியஸ் 1991-ல் உருவானது. பதில் நிஜமாவே சர்வர்கிட்டேருந்து வந்ததான்னு சரிபார்க்க, ரெண்டு பேருக்கும் மட்டுமே தெரிஞ்ச ரகசியச் சொல்லைச் சேர்த்து எம்டி5 கணக்குப் போடும். ஆனா ஒரே எம்டி5 விடை வர்ற மாதிரி ரெண்டு வேற வேற தரவை உருவாக்கலாம்னு 2004-லேயே காட்டிட்டாங்க. 2024 ஜூலையில 'பிளாஸ்ட்ரேடியஸ்' தாக்குதல் வெளியாச்சு. பெட்டிக்கும் சர்வருக்கும் நடுவுல புகுந்தவர், ரகசியச் சொல்லும் பாஸ்வேர்டும் தெரியாமலே, "விடாதே"யை "விடு"ன்னு மாத்திடலாம். இஏபி முறையில ஓடுற ஆபீஸ் வைஃபை இதுல தப்பிச்சிடுச்சு. ஏன்னா அங்கே 'மெசேஜ்-ஆத்தென்டிகேட்டர்'ங்கிற கூடுதல் முத்திரை முன்னாடியிலிருந்தே கட்டாயம்.

அப்போ மருந்தும் அதுதான். ஃப்ரீரேடியஸ்ல 'ரிக்கொயர் மெசேஜ் ஆத்தென்டிகேட்டர்'னு ஒரு அமைப்பு இருக்கு. அதை 'எஸ்' ஆக்கினா, முத்திரை இல்லாத கேள்வியை சர்வர் தூக்கிப் போட்டுடும்.

இங்கேதான் நான் சொதப்பினேன். ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் எல்லாக் கருவிக்கும் ஒரே அடியா 'எஸ்' போட்டேன். முத்திரை அனுப்பத் தெரியாத ஒரு பழைய சுவிட்ச்ல யாராலயும் லாகின் பண்ண முடியல. பதறிப்போய் எல்லாத்தையும் 'நோ'ன்னு மாத்திட்டு வீட்டுக்குப் போயிட்டேன். அந்த 'நோ' பல வாரம் அப்படியே கிடந்தது. ஒரு சுவிட்சுக்காக மொத்த ஆபீஸையும் திறந்து வச்சிருந்தேன்!

சரியான வழி இது: கருவிகளோட ஃபர்ம்வேரை முதல்ல அப்டேட் பண்ணுங்க. அப்புறம் கிளையன்ட் அமைப்புல ஒவ்வொரு கருவிக்கும் தனித்தனியா 'எஸ்' போட்டு, லாக்கைப் பாருங்க. முத்திரை இல்லாத பதிலை ஏத்துக்காதேன்னு கருவி பக்கமும் சொல்லுங்க. மக்கர் பண்ற பழைய கருவிக்கு மட்டும் விலக்கு கொடுத்து, அதைத் தனி நெட்வொர்க்ல வைங்க. விலக்கு எப்போ முடியணும்னு தேதியையும் பக்கத்துலயே எழுதிடுங்க.

அவசரத்துல திறந்த கதவைத்தான் நாம மூட மறந்துடுறோம். அடுத்த எபிசோட்ல பார்ப்போம்!