கைத்தறித் துணியை இனங்காணல்

மட்டக்களப்பு வாவிக்கும் கடலுக்கும் இடையே நீண்டு கிடக்கும் மணற்பாங்கான நிலத்திலே நெசவு நெடுங்காலமாக வேரூன்றிய தொழிலாகும். காத்தான்குடியும், வாவியின் தென்கோடியை அடுத்துள்ள மருதமுனையும் கைத்தறிச் சேலைக்கும் சாரத்துக்கும் பெயர்போனவை. 1977ஆம் ஆண்டில் இறக்குமதிக் கட்டுப்பாடுகள் தளர்த்தப்பட்ட பின்னர், பிற நாட்டு ஆலைத்துணி மலிந்து, தறிகள் பல ஓய்ந்தன. 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் திகதி எழுந்த கடல்கோள் மருதமுனையின் நெசவாளர் பலரை வீடும் தறியும் இழக்கச் செய்தது. இவ்விரண்டையும் தாண்டி நிற்கும் தொழிலுக்குப் போலித்துணி மற்றோர் இடராகும்.

விசைத்தறித் துணியைக் கைத்தறியென்று விற்கும்போது இருவர் நட்டமடைகின்றனர். வாங்குபவர் கையுழைப்புக்குரிய விலையை இயந்திரத்தின் விளைவுக்குக் கொடுக்கிறார். நாட்கணக்கில் தறியிலிருந்து ஒரு சேலையை நெய்தவரோ தம் கூலிக்கேற்ற விலையைப் பெற முடியாது தவிக்கிறார். ஆகவே, பணத்தைக் கொடுக்குமுன் துணியை ஆராய்ந்து பார்த்தல் நன்று.

முதலில் நோக்கவேண்டியது கரை. கைத்தறியில் நாடா இருபுறமும் ஓடித் திரும்புவதால், ஊடைநூல் அறுபடாது கரையில் மடிந்து வரும். கரையோரத்தில் நூல்கள் வெட்டுண்டு குஞ்சம்போல் நிற்குமாயின், அது நாடாவில்லாத நவீன விசைத்தறியின் துணி எனலாம். துணியின் அகலம் சுருங்காதிருக்க, நெசவாளர் இரு முனையிலும் ஊசிகள் கொண்ட கோலொன்றைப் பொருத்தி, நெய்யுந்தோறும் அதனை நகர்த்துவர். அதனால் கரையில் இடைவிட்டு இடைவிட்டுச் சிறு துளைகள் காணப்படும். விசைத்தறியிலும் ஊசித்துளை உண்டு. ஆனால் அது பெரும்பாலும் தொடர்ச்சியாக அமையும்.

அடுத்து, துணியை விரித்து வெளிச்சத்துக்கு நேரே பிடித்தல் வேண்டும். கையால் ஊடையை அடித்து நெருக்கும்போது ஒவ்வோர் அடியும் ஒரே அளவாயிராது. எனவே நெருக்கமும் தளர்வும் மெல்லிய பட்டைகளாகத் தோன்றும். இஃது குறையன்று, கையின் அடையாளம். எனினும், கைதேர்ந்த நெசவாளரின் துணி மிகச் சீராகவும் இருக்கக்கூடும். சீர்மை ஒன்றைக்கொண்டு மட்டும் போலியென முடிவுகட்டலாகாது.

மூன்றாவதாக, மறுபக்கத்தைத் திருப்பிப் பார்த்தல். சாரத்தின் கட்டங்கள் சாயமிட்ட நூலால் நெய்யப்பட்டிருந்தால் இருபக்கமும் ஒரே நிறம் காட்டும். உட்புறம் வெளிறியிருந்தால் கட்டங்கள் அச்சிடப்பட்டவை என ஐயுறலாம்.

பருத்தி என்று சொல்லப்படுவதைச் சோதிக்க, கடைக்காரரின் இசைவோடு ஓரத்திலிருந்து ஒரு நூலை எடுத்து எரித்துப் பார்க்கலாம். பருத்தி காகிதம் போல் எரிந்து மென்மையான சாம்பலாகும். பொலியெஸ்டர் உருகிச் சுருண்டு கடினமான உருண்டையாகும். ஆயின் இச்சோதனை நூலின் இனத்தைக் காட்டுமேயன்றி, தறியின் இனத்தைக் காட்டாது. பருத்தி நூலால் விசைத்தறியிலும் நெய்யலாமன்றோ?

ஆதலால், ஒரே அடையாளத்தை நம்பாது, கரை, நெருக்கம், மறுபக்கம், நூல் ஆகிய நான்கையும் ஒருங்கே நோக்குதல் வேண்டும். எங்கே, எவரால் நெய்யப்பட்டதென வினவலாம். உண்மைச் சரக்கு வைத்திருப்பவர் இவ்வினாவுக்கு முகம் சுளிப்பதில்லை. இந்தியாவில் 2006ஆம் ஆண்டு முதல் கைத்தறிக்கெனத் தனி முத்திரை வழங்கப்படுகிறது. அங்கிருந்து வரும் துணியில் அம்முத்திரையைத் தேடலாம்.

பற்றுச்சீட்டில் ‘கைத்தறி’ என்ற சொல்லை எழுதித் தரும்படி கேட்பது வாங்குபவரின் தற்காப்பு. பொருளைப்பற்றிப் பொய்யாகக் கூறி விற்றல் 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டத்தின்கீழ்க் குற்றமாகும். அச்சபையிடம் முறையிடும்போது அந்தச் சீட்டே சான்றாக நிற்கும். துணியைத் திருப்பிப் பார்க்கச் செலவாகும் சில நிமிடங்கள் வாங்குபவரின் பணத்தையும் காக்கும்; வாவிக்கரைத் தறியின் ஓசையையும் காக்கும்.