வாசனை விளக்கு

கேரள மலைகளில் ஒரு வகைப் புல் விளைகிறது. கசக்கினால் எலுமிச்சை மணம் வீசும். அதற்கு எலுமிச்சைப் புல் என்று பெயர். புல்லை நீராவியில் வேகவைத்துத் தைலம் எடுக்கிறார்கள்.

இந்தத் தைலத்தால் வீடு மணக்கும். வாசனை விளக்கின் மேலே ஒரு கிண்ணம் இருக்கும். அதில் நீர் ஊற்றுங்கள். 3 சொட்டுத் தைலம் விடுங்கள். கீழே சிறு மெழுகுவர்த்தி ஏற்றுங்கள். நீர் சூடாகும். ஆவியோடு மணம் பரவும்.

தைலத்தை அகல் விளக்கில் ஊற்றாதீர்கள். தீ குபீரென்று எழும். நீர் வற்றும் முன் விளக்கை அணையுங்கள். ஜன்னலைத் திறந்து வையுங்கள். ஆஸ்துமா உள்ளவர் அருகில் ஏற்ற வேண்டாம்.

குழந்தை தைலத்தைக் குடித்துவிட்டால் என்ன செய்வது? வாந்தி எடுக்க வைக்காதீர்கள். தைலம் நுரையீரலுக்குள் போய்விடும். புட்டியையும் எடுத்துக்கொண்டு உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

புட்டியை எப்போதும் குழந்தைக்கு எட்டாத உயரத்தில் வையுங்கள்.